ஓடாத மோட்டாருக்கும் மார்க் போடுங்க டீச்சர்

வணக்கமுங்க. ஆறு, ஏழு, எட்டாம் கிளாஸுக்கு அறிவியல் எடுக்கற டீச்சர்களுக்கும் சாருங்களுக்கும் எழுதறேன். நான் கோயமுத்தூர் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன், படிச்சது ஐடிஐ தான், பிசிக்ஸ் வாத்தியாருக்கே பாடம் எடுக்க வந்துட்டான் பாருன்னு நினைச்சுக்காதீங்க. கருகின காயிலை அவுத்துட்டு திரும்ப சுத்திக் குடுக்கறதையே பொழப்பா வச்சிருக்கறவன், அந்த முறையில ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்குது.

போன மாசம் எம்பட பொண்ணு ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி. போய்ப் பாத்தா வரிசையா தெர்மாகோல் எரிமலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம், பாதி ஸ்டேஷனரி கடையில ரெடிமேடா வாங்குனது, மீதி அப்பா அம்மா ராத்திரி கண்ணு முழிச்சு ஒட்டுனது (நானும் ஒட்டுனேன், பொய் சொல்ல மாட்டேன்). ஒரு பையன் மட்டும் சின்ன மோட்டார் வச்சிருந்தான். நம்ம தொழிலாச்சேன்னு ஆசையா கிட்ட போய் கம்பி முனையை எந்தப் பக்கம்டா சுரண்டுனேன்னு கேட்டா, "அங்கிள் டச் பண்ணாதீங்க, நின்னு போயிடும், மிஸ் திட்டுவாங்க"ங்கறான். அவன் மேல தப்பில்லைங்க. ஓடுனா மார்க், நின்னா திட்டு, அப்படித்தான அவனுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பொண்ணையும் அவ கூட்டாளிங்க நாலு பேரையும் கடைக்கு வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பெரிய டார்ச் செல், ரெண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கர்ல கழட்டுன காந்தத்துண்டு, ஊக்கை செல்லோட சேத்து இறுக்க சைக்கிள் டியூப்ல வெட்டுன ரப்பர், ஸ்க்ராப்ல கெடந்த எனாமல் வயர் ஒண்ணேகால் மீட்டர். அந்த செல் மேலயே பத்து சுத்து சுத்தி உருவி எடுத்து ரெண்டு முனையையும் ரெண்டு பக்கமா நீட்டி ஊக்கு ஓட்டையில மாட்டச் சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லலை. ஒருத்தருதும் ஓடலை. செல் வீக்குன்னு ஒருத்தன், காந்தம் டூப்ளிகேட்டுன்னு இன்னொருத்தன். கம்பி செம்புக் கலர்ல பளபளன்னு இருக்கறதால மேல கரண்டை விடாத எனாமல் கோட்டிங் இருக்குன்னே யாருக்கும் தோணலை, ஒரு பொண்ணு தான் டெஸ்ட் லேம்ப் மாதிரி டார்ச் பல்பை வச்சுப் பாத்துட்டு இதுல கரண்டே போகலை மாமான்னு சொல்லுச்சு.

சரின்னு எமரி ஷீட் குடுத்தேன். எல்லாரும் ரெண்டு முனையையும் சுத்தி முழுசா சுரண்டிட்டாங்க. இப்ப காயில் துள்ளுது, பாதி திரும்புது, திரும்பவும் பின்னாடி வருது, நடுங்கிட்டு நிக்குது. சில சமயம் குலுங்கி அதிர்ஷ்டத்துல ஒண்ணு ரெண்டு சுத்தும் சுத்தும், அதை நம்பாதீங்க. இந்த இடத்துல தான் நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன், அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் எம்பட பொண்ணு தான், முதல் பாதி சுத்துல காந்தம் எந்தப் பக்கம் தள்ளுதோ அடுத்த பாதியில அதுக்கு எதிர்ப் பக்கம் தள்ளுதுப்பா, அப்ப அந்த நேரத்துக்கு மட்டும் கரண்டை நிறுத்திட்டா போன வேகத்துலயே மீதி சுத்திடுமில்லன்னு கேட்டா. காயிலை செங்குத்தா புடிச்சு ஒரு முனையை டேபிள் மேல படுக்க வச்சு மேல்பக்கம் மட்டும் சுரண்டுனோம், இன்னொரு முனை முழுசா. மாட்டி ஒரு தட்டு தட்டுனதும் விர்ருன்னு புடிச்சுக்கிச்சு, அஞ்சு பேரும் கத்துன கத்துல பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்துட்டாரு. அப்புறமேட்டுக்கு மிக்ஸி மோட்டாரைக் கழட்டி கரண்டு குடுக்கற கார்பன், அது உரசற கம்யூட்டேட்டர்ங்கற செம்பு வளையம் ரெண்டையும் காட்டுனேன், நாம பாதி சுரண்டுன மாதிரி வேலையைத்தான் இது பண்ணுது, ஆனா கரண்டை நிறுத்தாம திருப்பி விடுதுன்னு அவங்களே சொல்றாங்க. (ஒண்ணு மறந்துட்டேன், இதை செல்லுல மட்டும் தான் பண்ணணும், வீட்டு பிளக் பக்கமே போகக் கூடாதுன்னு பத்து தடவை சொல்லிருங்க. செல்லும் ரொம்ப நேரம் மாட்டி வச்சா சூடாயிடும்.)

இதை நீங்க மேஜை மேல வச்சு ஓட்டிக் காட்டியிருந்தா மூணு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், எங்களுக்கு ரெண்டு மணி நேரம். எனக்குப் புரியுதுங்க, நாப்பது நிமிஷ பீரியடு, நாப்பது பிள்ளைங்க, போர்ஷன் முடிக்கணும், எமிஸ்னு கம்ப்யூட்டர்ல பள்ளி விவரம் ஏத்தற வேலை வேற. அதுக்காக எல்லா பாடத்தையும் இப்படி நடத்துங்கன்னு கேக்கலை, மாசத்துக்கு ரெண்டு பாடம் போதும்.

மோட்டார் கூட வேண்டாம், நூலும் கல்லும் போதும். எங்க கடை ஷட்டர் கம்பியில ஒரு மீட்டர் நூல்ல பழைய பேரிங்கைக் கட்டி ஆட விட்டோம். பெரிய பேரிங் கட்டுனா வேகமா ஆடும்னு அஞ்சு பேரும் சத்தியம் பண்ணாங்க. பத்து ஆட்டத்துக்கு 20 செகண்டு, பெருசுக்கும் அதே தான் சின்னதுக்கும் அதே தான். ஒரு பையனுக்கு மட்டும் 18 வந்துச்சு. நான் கண்டுக்கலை. அவங்களே சண்டை போட்டுக் கண்டுபிடிச்சாங்க, அவன் விடும்போதே "ஒண்ணு"ன்னு எண்ண ஆரம்பிச்சதால ஒரு ஆட்டம் குறைஞ்சு போச்சாம். நூலை கால் மீட்டராக் குறைச்சா அஞ்சு செகண்டு வரணுமேன்னு கணக்குப் போட்டாங்க, வந்தது 10. அப்ப அரை மீட்டருக்கு 15ன்னாங்க, வந்தது 14 சொச்சம். ஏன் 15 இல்லைன்னு வீட்டுக்குப் போற வரைக்கும் கேட்டுட்டே போனாங்க, நேரம் நூல் நீளத்தோட ரூட்டுக்கு (வர்க்கமூலம்) ஏத்தாப்புல தான் மாறும், அந்த ரூட் கணக்கு அவங்களுக்கு இன்னும் வரலை, வரும்போது எதுக்குன்னு தெரிஞ்சு படிப்பாங்க.

நான் ஒண்ணும் புதுசா சொல்லலைங்க. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத்னு ஒரு ஊரு (இப்ப பேரு நர்மதாபுரம்), அங்க 1972லயே 16 ஸ்கூல்ல ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்களே செஞ்சு பாத்துப் படிக்கறது, பரிட்சைக்கும் புக்கைப் பாத்து எழுதலாம், செஞ்சு காட்டறதுக்கும் தனியா மார்க் உண்டு. 2002ல அந்த அரசாங்கமே நிறுத்திடுச்சு, அது தனிக் கதை. அர்விந்த் குப்தான்னு ஐஐடில படிச்சு லாரி கம்பெனியில வேலை பாத்தவரு 1978ல அங்க போய்த் தான், தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும் வச்சு வடிவங்கள் செய்ய ஆரம்பிச்சாரு. நம்ம ஊர்லயும் 2022 நவம்பர்ல அரசுப் பள்ளி 6 முதல் 8க்கு வானவில் மன்றம் வந்துச்சு, செய்முறை சொல்லிக் குடுக்க ஆளு வர்றாங்க. அவங்க கிளம்புன பின்னாடி அந்த சாமானு பீரோவுக்குள்ள போகாம பிள்ளைங்க கையில இருக்கட்டும். ஒடைஞ்சா ஒடையட்டுமுங்க.

கேக்கறது ரெண்டே ரெண்டு. செய்யறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு நினைக்கறேன்னு நோட்டுல எழுத வைங்க, தப்பா இருந்தாலும் அழிக்க விடாதீங்க. அடுத்த கண்காட்சியில ஓடாத மாடலை வச்சுக்கிட்டு ஏன் ஓடலைன்னு சொல்ற பிள்ளைக்கும் பரிசு இருக்கட்டும்.

எனாமல் வயர் காசு குடுத்து வாங்க வேண்டாம். வெயில் காலத்துல போர் மோட்டாரா கருகி வருது, புதுக் காயில் சுத்தும்போது வெட்டுன துண்டெல்லாம் ஒரு சாக்கு நிறையக் கெடக்குது. ஒரு நாள் முன்னாடி சொல்லி விட்டா ஒண்ணேகால் மீட்டரா நாப்பது துண்டு வெட்டி வச்சிடறேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல யாரையாச்சும் அனுப்புங்க, மத்தியானம் கடையில இருக்க மாட்டேன்.