ரயிலை ஜெயிக்காத பென்ட்லி

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ப்ளூ ட்ரெயினை, அதாவது பிரான்ஸின் வடகரையில் இருக்கும் கலேக்கும் தென்கரைக்கும் இடையே ஓடிய சொகுசு ரயிலை, ஜெயித்த பென்ட்லி என்று நீ அனுப்பிய படத்தில் இருக்கும் கார் அந்த ரயிலை ஜெயிக்கவில்லை. 1930 மார்ச்சில் பென்ட்லி நிறுவனத் தலைவர் உல்ஃப் பர்னாட்டோ பிரான்ஸின் தென்கரையில் இருக்கும் கானிலிருந்து கிளம்பி, ரயில் கலே வந்து சேர்வதற்குள் கடலையும் தாண்டி லண்டனில் தன் கிளப்புக்கே போய்விட்டார், அது உண்மைதான். ஆனால் அவர் ஓட்டியது எச்.ஜே. மல்லினர் பட்டறை பாடி கட்டிய சலூன். அப்போதெல்லாம் பென்ட்லி மாதிரி நிறுவனங்கள் எஞ்சினோடு சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தை மட்டும் தரும், மேலே பாடியைத் தனிப் பட்டறைகள் கட்டும். படத்தில் இருக்கிற, கூரை தாழ்ந்த, ஜன்னல் கண்ணாடிகள் கீற்று மாதிரி குறுகிய கூப்பே, அதாவது இரண்டு கதவு கார், அவர் கைக்கு வந்ததே மே மாதத்தில்தான்.

அந்த கூப்பேயைக் கட்டியது கர்னி நட்டிங். எனக்கு அந்தப் பட்டறை மேல் தனிப் பிரியம். குரோய்டனில் கட்டட வேலையும் தச்சு வேலையும் செய்துகொண்டிருந்த நிறுவனம், 1918-இல் கார் பாடி கட்ட இறங்கியது, அப்புறம் லண்டன் செல்சிக்கு இடம் மாறியது. வெய்மன் முறையில் பாடி கட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் இடைவெளி விட்டு உலோகத் தகடுகளால் இணைத்து, மேலே துணி போர்த்திவிடுவார்கள், அதனால் அந்தக் காலத்துச் சாலையில் சேசிஸ் எவ்வளவு முறுக்கினாலும் பாடி கிறீச்சிடாது, எடையும் குறைவு. மரத்தின் குணம் தெரிந்த தச்சர்களுக்கு இது கைவந்த வேலை. இவ்வளவு நல்ல வேலைக்கு, ஓடாத பந்தயத்தின் பெருமை எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மெக்நீல் என்பவர் அங்கே தலைமை வடிவமைப்பாளர். அவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த இடத்துக்கு வந்த ஜான் பிளாட்ச்லிக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. போர் வந்ததும் சொகுசு கார் வேலை நின்றுபோனது, 1945-இல் கார் விற்பனையாளர் ஜாக் பார்க்லே பட்டறையை வாங்கினார், கொஞ்ச காலத்தில் அந்தப் பெயரே மறைந்துவிட்டது. பிளாட்ச்லி ரோல்ஸ் ராய்ஸுக்குப் போய், 1965-இல் வந்த சில்வர் ஷேடோவை வடிவமைத்தார். அதில் தனி சேசிஸே கிடையாது, பாடிதான் எல்லாம். அவர் தொழில் கற்ற மாதிரிப் பட்டறைகளுக்கு அதற்குப் பிறகு கட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

சில்வர் ஷேடோ படம் கிடைத்தால் அனுப்பு, பக்கவாட்டில் எடுத்ததாக இருக்கட்டும்.

அன்புடன்,
சேகர்