தம்பிக்கு: உன் வக்காலத்தில் என் கையெழுத்து இருக்காது

தம்பி,

குடும்ப நல நீதிமன்றத்தில் உன் மனைவியோடு உனக்கு உள்ள வழக்கை நான் நடத்தப் போவதில்லை. வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பியதற்கு அர்த்தம் அதுதான். உன் மனைவிக்கும் நான் ஆஜராக மாட்டேன். ஆனால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள் என்று அவளிடம் சொன்னது நான்தான். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். மன்னித்துக்கொள். மன்னிக்க இதில் என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குக் கொடுத்த உரிமை அது, நான் மறைத்து வைக்க என் வீட்டுப் பொருள் இல்லை.

நீ என் போனை எடுப்பதில்லை, இங்கே எழுதுவதை மட்டும் படிக்கிறாய். சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். அதனால் உங்கள் இருவருக்குள் நடந்தது எதுவும் இங்கே வராது. யார் மேல் தப்பு என்று கேட்டு எனக்கு யாரும் போன் செய்யவும் வேண்டாம்.

பாப்பாவின் பிறந்தநாளில் நீ கேட்டது என்னை விடவே இல்லை. முகமெல்லாம் க்ரீமோடு அவள் உன் தோளில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் உன் தலைமுடியைப் பிடித்திருந்தாள். நீ சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "அஞ்சு முடிஞ்சிருச்சுக்கா. இனிமே சட்டப்படி பாப்பா என்கிட்டதானே?" என்றாய். கேக் வெட்டுகிற நேரத்தில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாயா?

யார் சொன்னார்கள் அப்படி? 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது. ஐந்து முடிந்ததும் தகப்பனிடம் போகும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றிற்கும் மேல் என்கிறது. 'அப்பாதானே இயற்கைக் காப்பாளர்' என்ற வாதத்தையும், 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில், தாயைத் தகப்பனுக்குக் கீழே வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலவீனமாக்கிவிட்டது.

நீதிபதி பார்ப்பது வேறு. பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் விழித்திருக்கிறார்கள், வீடும் பள்ளியும் மாறாமல் இருக்குமா. விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டும் பேசுவார். சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்காதே. பெரியவர்களின் வார்த்தை குழந்தை வாயில் வந்த உடனே நீதிமன்ற ஆலோசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாப்பாவுக்கு வீசிங் வந்த இரவெல்லாம் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. எனக்குத் தெரியும். உன் மனுவில் அதில் ஒரு வரிகூட இல்லை, மனைவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை படித்தேன், வயிறு எரிந்தது. உன் வக்கீலிடம் சொல்லி, நீ பிள்ளைக்குச் செய்ததை எழுதச் சொல்.

அடுத்தது அந்த ராஜினாமா யோசனை. வேலையை விட்டுவிட்டால் ஜீவனாம்சம் கேட்க முடியாது என்று உனக்குச் சொன்னவர் குடும்ப நல நீதிமன்ற வாசலை மிதித்திருக்க மாட்டார். சம்பாதிக்கத் திறன் உள்ளவன் வேண்டுமென்றே வேலையை விட்டால், அந்தத் திறனை வைத்தே தொகை போடுவார்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் காட்டிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். உனக்குக் கெடு அதிகபட்சம் நான்கு வாரம். வருமான வரியைக் கழிப்பார்கள். நீயாக வாங்கிய கார் கடனின் தவணையைக் காட்டி, கையில் மிச்சமில்லை என்றால் எடுபடாது. பொய் சொல்லி மாட்டினால் அது தனி வழக்கு.

இழுத்தடித்தால் நல்லது என்றும் நினைக்காதே. அதே தீர்ப்புப்படி, தொகை உத்தரவு தேதியிலிருந்து இல்லை, அவள் மனுப் போட்ட தேதியிலிருந்து. மாதம் 15,000 என்று வைத்துக்கொள். வழக்கு 18 மாதம் ஓடினால், உத்தரவு வருகிற அன்றே 2,70,000 ரூபாய் பாக்கி. கட்டாவிட்டால், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தாலும் பாக்கி தீராது.

"பாப்பாவைக் காட்டவில்லை, அதனால் பணம் அனுப்பவில்லை" என்று அம்மாவிடம் சொன்னாயாம். பார்ப்பதும் பணமும் வேறு வேறு. காட்டவில்லை என்றால் இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் இடைக்கால மனுப் போடு, நாளும் நேரமும் குறித்து உத்தரவு வரும். நீ பணத்தை நிறுத்தினால் பட்டினி கிடக்கப்போவது அவள் இல்லை, பாப்பா. இதைக்கூடவா உனக்கு நான் எழுத வேண்டும்?

பரஸ்பர சம்மதத்தில் பிரிவதற்கு இருவரும் தயாராக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். ஓராண்டு பிரிந்திருந்தால்தான் அதே இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் சம்மத மனுப் போட முடியும். இரண்டாவது முறை ஆஜராக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சமாதானத்திற்கு வழியே இல்லை, குழந்தை விஷயமும் ஜீவனாம்சமும் உண்மையாகவே முடிந்துவிட்டன என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புப்படி அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். ஆனால் கடைசி நாள் வரை இருவர் சம்மதமும் நிற்க வேண்டும்.

ஒப்பந்தத்தை எழுதும்போதுதான் எல்லாம் கெடுகிறது. "விரும்பும்போது குழந்தையைப் பார்க்கலாம்" என்று ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆறாவது மாதத்தில் இரண்டு பேரும் காவல் நிலையத்தில் நிற்பார்கள். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 5 என்று எழுது. கோடை விடுமுறையில் பாதி யாரிடம், இந்த வருடம் தீபாவளி எங்கே, பொங்கல் எங்கே, வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு, பாஸ்போர்ட் யார் கையில், பள்ளியை மாற்ற யார் சம்மதம் வேண்டும், எல்லாம் வர வேண்டும். செலவுத் தொகை வருடத்திற்கு எத்தனை சதவீதம் கூடும், பள்ளிக் கட்டணம் அதில் அடக்கமா தனியா என்பதும். "குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்ற வரியை மட்டும் சேர்க்காதே. பிள்ளையின் உரிமையைத் தாய் எழுதிக்கொடுத்துவிட முடியாது. அந்த வரியை நம்பி நீ நிம்மதியாக இருந்தால், நாலு வருடம் கழித்து சம்மன் வரும்.

இப்போதைக்கு ஒன்று செய். உத்தரவுக்குக் காத்திருக்காமல், மாதம் 5ஆம் தேதி பணம் வங்கி வழியாக அவள் கணக்கிற்குப் போகட்டும். எந்த மாதத்திற்கு என்று குறிப்பில் போடு. பின்னால் பாக்கிக் கணக்கில் கழிக்க ஆதாரம் அதுதான். ரொக்கமாகக் கொடுக்காதே, அதை நிரூபிக்க முடியாமல் திண்டாடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரமாணப் பத்திரத்தின் வரைவை எனக்கு அனுப்பாதே, உன் வக்கீலிடம் காட்டு. ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறாய் என்றால் மட்டும், அதைக் கொடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அக்கா