மோர்ப் பந்தல் அம்மாவுக்கும் வழியில் தாங்கிய மற்றவர்களுக்கும்

புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்த ஆறு நாளும் என்னைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்,

ஆகஸ்ட் 29 மாலை, மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டேன். உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அதற்காகத்தான் இந்த மடல்.

இது என் நேர்ச்சை இல்லை, அம்மாவுடையது. டெங்கு வந்து பிளேட்லெட் குறைந்து நான் கிடந்தபோது, "பிள்ளை எழுந்துட்டா நடந்தே வர்றேன் மாதாவே" என்று வேண்டிக்கொண்டார். நான் எழுந்தேன். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். அவருடைய காவிப் புடவையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பியபோது எனக்குள் பக்தியைவிடக் கோபம்தான் அதிகம்.

கடலூர் தாண்டுவதற்குள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. நெற்றி நிறைய திருநீறு பூசிய அண்ணன் வெந்நீரில் உப்புப் போட்டு என் காலை வைக்கச் சொன்னார். காசு நீட்டினேன். "மாதா உண்டியல்ல போட்டுடுங்க" என்றார். போட்டுவிட்டேன், அண்ணா. நாகூரில் மழைக்கு ஒதுங்கிய எங்களுக்குத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்த பாட்டி, விடிகாலைத் தொழுகை முடித்த கையோடு இஞ்சி டீ போட்டுத் தந்தார். சப்பரத்தோடு வந்த தம்பிகள் என் பையைக் கடைசிவரை சுமந்தார்கள்.

அப்புறம், நாகப்பட்டினம் தாண்டி மோர்ப் பந்தலில் நின்ற அம்மா. கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோரை நீட்டியவர், பையில் எட்டிப் பார்த்த புடவையைத் தொட்டு, "யாருதும்மா?" என்று கேட்டார். சொன்னேன். அவரும் சொன்னார். அக்கரைப்பேட்டை, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பிள்ளைகள்.

"மாதா மேல கோபம் வரலையாம்மா?"

"வராம? ரெண்டு வருஷம் கோயில் பக்கமே போகல. இப்பவும் சண்டை போடுவேன். ஆனா நடந்து வர்ற பிள்ளைங்களுக்குத் தாகமா இருக்கும்ல."

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் 'விசுவாச முயற்சி' என்ற செபத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். விசுவாசத்துக்கு எதற்கு முயற்சி என்று அன்று புரியவில்லை. கோபத்தோடும் மோர் ஊற்றலாம் என்று அந்தப் பந்தலில்தான் பார்த்தேன்.

வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற, கால் ஊனமுற்ற சிறுவனின் கதை நமக்குத் தெரியும். மாதா சொன்னதும் அவன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடியதைத்தான் எப்போதும் பெரிதாகச் சொல்வோம். அதற்கு முன்னால், தன் குழந்தைக்குக் கொஞ்சம் மோர் கேட்டு வந்தவர் மாதாதான். ஓடுவதற்கு முன்பே, யாரென்று தெரியாமலே, அவன் கொடுத்துவிட்டான். இத்தனை வருஷம் கதையின் அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை.

அம்மா, உங்கள் பிள்ளைகள் பெயரைச் சொல்லி நடுத்திட்டில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடற்காற்றில் ஒன்று அணைந்துவிட்டது. திரும்பவும் ஏற்றி, எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புடவை மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கொடுக்க மனம் வரவில்லை. தண்ணீர் டிரம் தூக்க ஆள் இல்லை என்றீர்களே, அடுத்த ஆகஸ்டில் இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து நடந்து வந்த பிள்ளை