பழைய தோட்டத்துக் கத்திகளைக் கிரைண்டரில் கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம் பழைய சாமான் கடைகளில் இப்போது தோட்டத்துக் கத்திகளுக்கு நல்ல கிராக்கி. பாராங் என்கிற வெட்டரிவாள், கைக்கோடாலி, ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் பட்டை சீவுகிற பால்வெட்டுக் கத்தி எதுவானாலும் விலை போகிறது. பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள், சந்தோஷம். வாங்கிய கையோடு சாணை பிடிக்கிற கிரைண்டரில் தேய்த்து, வெள்ளிச் சாயம் அடித்து மாட்டிவிடுகிறார்களே, அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. அண்மையில் ஒரு கண்காட்சியில் பால்வெட்டுக் கத்திக்கு இப்படிச் சாயம் பூசி, 'தச்சுவேலைக் கருவி' என்று சீட்டும் ஒட்டியிருந்தார்கள்.

ரப்பர் தோட்டம் கைமாறும்வரை நிரை பிடித்து, அதாவது எனக்கென்று ஒதுக்கிய மர வரிசையில், பால் வெட்டியவள் நான். ஒரு கத்தி கையில் வந்தால் முதலில் முனையைப் பாருங்கள். 'வி' மாதிரி மடங்கியிருந்தால் அது ஜெபோங் கத்தி. இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம் சரிவாக, நம்மை நோக்கி இழுத்துச் சீவுவோம். அரைவட்டமாகக் குழிந்திருந்தால் தள்ளிச் சீவுகிற வகை. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் போதும். ஆழம் கூடினால் மரத்தில் காயம், அப்புறம் மேற்பார்க்கிற மண்டோர் வாயிலிருந்து தப்ப முடியாது. அந்த மடிப்பின் கூர்தான் கத்தியே. உள்பக்கத்தை மெல்லிய தீட்டுக்கல்லின் ஓரத்தால் பக்குவமாக இழுத்துத் தீட்டுவோம். அதைக் கிரைண்டர் ஒரு நிமிடத்தில் மொட்டையாக்கிவிடும். சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதமும் போச்சு.

பாராங், கோடாலி என்றால் பிடிப் பக்கம் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். முதலை உருவம் தெரிந்தால் பெரும்பாலும் பர்மிங்காம் மார்ட்டின்டேல் கம்பெனிச் சரக்கு. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில் செய்தது. தேய்த்துத் தள்ளிவிட்டால் இதையெல்லாம் எங்கே போய்ப் படிப்பது?

துரு போக வினிகர் போதும். இரும்பை மட்டும் ஓர் இரவு ஊறவிடுங்கள், மரப்பிடி நனையக்கூடாது. காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் கழுவி, அப்போதே துடைத்து எண்ணெய் பூசுங்கள். நாள்கணக்கில் ஊறப்போட்டால் வினிகர் இரும்பையே அரித்துக் குழி போட்டுவிடும். பிடியில் யாராவது எழுத்துச் சுட்டு வைத்திருந்தால் அதை இழைக்காதீர்கள். நாங்களும் அப்படித்தான் அடையாளம் வைத்தோம், இல்லாவிட்டால் பட்டறையில் கத்தி மாறிப்போகும்.

எங்கள் பேராக் மாநிலத்துக் கோலக்கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது, அதைப் போய்ப் பார்க்கிறோம். மரம் சீவிய கத்திக்கும் சரியான பெயர்ச்சீட்டு எழுதலாமே. கண்காட்சி வைத்தவர்கள் அந்தச் சீட்டை மாற்ற வேண்டும். சாயம் பூசாத கத்திகள் இன்னும் இருந்தால் அப்படியே வைக்கட்டும். எது எதற்கு என்று தெரியாவிட்டால் ஊரில் பால் வெட்டியவர்கள் இருக்கிறோம், கூப்பிட்டால் வந்து சொல்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்