டி5-இல் வைத்த விரல்

தம்பிக்கு,

நாம் இருவரும் செஸ் போட்டியில் எதிரெதிரே ஆடி, வரும் ஞாயிறோடு ஒரு வருஷம். எந்த ஊர், எத்தனையாவது சுற்று, போர்டுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் உனக்கே தெரியும். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவது நகர்வு மட்டும் போதும். டி4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளினேன், வெட்டினாய். சி3, அதையும் வெட்டினாய். பிஷப்பை சி4-க்குக் கொண்டுவந்தேன், பி2-வையும் விடவில்லை. நான் இன்னொரு பிஷப்பால் திருப்பி வெட்டியபோது உனக்கு இரண்டு சிப்பாய் லாபம். எனக்கு உன் ராஜா பக்கம் பார்த்தபடி இரண்டு பிஷப்புகள். சிப்பாய்களைப் பலிகொடுத்துத் தாக்கும் டேனிஷ் கேம்பிட். வீட்டில் ஒருநாளும் நான் ஆடிக் காட்டாதது.

நீ டி சிப்பாயைத் தொட்டாய். டி5 வரை தள்ளிவிட்டு, விரலை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாய். நான் ஸ்கோர் ஷீட்டில் குனிந்துகொண்டேன். சிப்பாய் ஒரு கட்டம் பின்வாங்கி டி6-இல் உட்கார்ந்தது. அங்கேதான் விரலை எடுத்தாய்.

டி5 தான்டா சரி. ஷ்லெக்டர் பெயரில் இருக்கும் தடுப்பு அது. 1910-இல் அப்போதைய சாம்பியன் லாஸ்கரோடு உலகப் பட்டத்துக்கு ஆடி 5-5 என்று சமன் செய்த அதே ஷ்லெக்டர். நான் பிஷப்பால் டி5-ஐ வெட்டினால் குதிரையை எஃப்6-க்கு எடு. நான் எஃப்7-இல் வெட்டி செக் வைப்பேன், ராஜாவால் வெட்டு. உன் ராணியை டி8-இல் எடுப்பேன். இங்கேதான் எல்லாரும் பயந்துவிடுகிறார்கள். பிஷப்பை பி4-க்குக் கொண்டுவந்து செக் சொல். அது எஃப்8-ஐ விட்டு நகர்ந்ததும் எச்8 யானை நேராக என் ராணியைப் பார்க்கும். செக்குக்குக் குறுக்கே வேறு காயை வைத்தால் ராணி போச்சு. அதனால் ராணியே டி2-க்கு வந்து சாகும். நீ வெட்ட, நான் குதிரையால் வெட்ட, ஆளுக்கு ஐந்து சிப்பாய். என் தாக்குதல் அத்தோடு முடிந்தது. பிஷப்புக்குப் பதில் ஈ சிப்பாயால் டி5-ஐ வெட்டியிருந்தால்? என் சி4 பிஷப்பின் வழியை நானே அடைத்திருப்பேன், உனக்கு ஒரு சிப்பாய் மிச்சம்.

டி6-இல் என்ன ஆயிற்று? என் ராணி பி3-க்கு வந்தது. எஃப்7-ஐக் காக்க உன் ராணி டி7-க்குப் போனது, உன் சி8 பிஷப்பையே பூட்டியது. உன் எஃப்8 பிஷப் அசைந்தால் என் பி2 பிஷப் ஜி7-ஐ வெட்டும், அதன் பின்னால் உன் யானை. மீதி நான் சொல்லவேண்டாம்.

டி5-ஐ உனக்குச் சொல்லித்தராமல் நான் மறந்து விட்டதல்ல. "கிடைத்த சிப்பாயைத் திருப்பிக் கொடுக்காதே" என்று உன்னைப் பழக்கியவளே நான்தான். எட்டு வயசில் காய்களை வாரி இறைத்தவனிடம் வேறென்ன சொல்வது? திருப்பிக் கொடுக்கவேண்டிய நேரமும் உண்டு என்பதை அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். மன்னிச்சிடுடா. ஆனால் எட்டாவது நகர்வில் டிரா என்று நாம் கைகுலுக்கியிருந்தால், பேசிவைத்து ஆடினோம் என்று அங்கே நின்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? அந்தப் பேச்சு யார் தலையில் விழுந்திருக்கும்?

கேம்பிட்டே வேண்டாமென்றால் மூன்றாவது நகர்விலேயே டி5 இருக்கிறது. 1926-இல் அமெரிக்காவின் லேக் ஹோபட்காங்கில் மார்ஷலின் கேம்பிட்டை அன்றைய உலக சாம்பியன் கேபபிளாங்கா அப்படித்தான் மடக்கினார். கருப்பு ராணி சி4-இல் வந்து உட்கார்ந்து எஃப்1-ஐப் பார்த்ததும் வெள்ளை கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்க வழியில்லை. நீயே போட்டுப் பார்.

டி5 ஆடியிருந்தால் டிரா ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே. ராணிகள் போன பிறகு ராணிப் பக்கம் உனக்கு மூன்று, எனக்கு ஒன்று. ராஜா பக்கம் எனக்கு நான்கு, உனக்கு இரண்டு. யானையை ஈ8-க்குக் கொண்டுவந்து ஈ4-ஐ நெருக்கி, சி சிப்பாயைத் தள்ளத் தெரியவேண்டும். உனக்கு அப்போது அது தெரியாது. அதையும் நான்தான் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன்.

அக்கா