பழைய எண்ணெய் மலையிறங்க ஒரு வழி வேண்டும்: நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், உணவு பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் அவர்களுக்கும், உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் உணவக உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

உதகை மார்க்கெட்டிலிருந்து உணவகங்களுக்கும் சாலையோரக் கடைகளுக்கும் எண்ணெயும் மாவும் மொத்தமாகக் கொடுத்து வருகிற மளிகை வியாபாரி நான். எந்தக் கடைக்கு வாரத்துக்கு எத்தனை டின் போகிறது என்பது என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கடையின் சட்டியில் மாலை நேரத்தில் எவ்வளவு பலகாரம் வேகிறது என்பதை அவ்வழியே போகும்போது கண்ணால் பார்க்கிறேன். இவ்விரண்டுக்கும் பல இடங்களில் பொருத்தமில்லை. ஒரு மூட்டைக் கடலை மாவு தீர எவ்வளவு எண்ணெய் செலவாகும் என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். மாவு மட்டும் தீர்ந்துகொண்டே இருந்து, எண்ணெய் அந்த அளவுக்கு வாங்கப்படவில்லை என்றால், ஒன்று அதே எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்கிறது, அல்லது பில் இல்லாத எண்ணெய் வேறு எங்கிருந்தோ வருகிறது. இரண்டுமே நடக்கின்றன என்பதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

சட்டத்தில் குறையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்களின் (எண்ணெய் காய்ந்து சிதையும்போது உண்டாகும் பொருட்களின்) அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் ‘ரூக்கோ’ திட்டத்தை இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பதற்கு எண்ணெய் செலவழிக்கும் நிறுவனங்கள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும், பழைய எண்ணெயை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்றும் 2019 மார்ச் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஐம்பது லிட்டர் என்பது பதினைந்து கிலோ டின் கணக்கில் ஏறத்தாழ மூன்று டின். தினமும் மூன்று டின் பொரிக்கும் அடுப்பங்கரைகள் இந்த மலையில் மிகச் சில. மற்றவையெல்லாம் அரை டின், கால் டின் கடைகள். படகு இல்லத்தைச் சுற்றியும் பேருந்து நிலையத்தை ஒட்டியும் தொட்டபெட்டா சாலையிலும் மிளகாய் பஜ்ஜியும் காலிஃபிளவரும் போடும் கடைகளின் சட்டி சில லிட்டர்தான் கொள்ளும். 25 சதவீத வரம்பு அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் பதிவேடும் ஒப்படைப்பும் அவர்களைத் தொடுவதேயில்லை.

பெரிய இடத்தின் பழைய எண்ணெயும் கடைசியில் இந்தச் சிறிய சட்டிகளுக்குத்தான் வந்து சேர்கிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. பயன்படுத்திய எண்ணெய் சிறு உணவகங்களுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் போய்ச் சேர்கிறது என்பதை ஆணையமே ரூக்கோ திட்டத்துக்குக் காரணமாகச் சொல்லியிருக்கிறது. விடுதியில் வேலை செய்பவருக்கு அது கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். வாங்குபவருக்குப் பாதி விலை எண்ணெய். காலி டின்னிலேயே ஊற்றிக் கொடுத்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

சூடேறிய எண்ணெயில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலகாரத்தின் ஈரம் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது, காற்று அதை ஆக்சிகரணம் செய்கிறது, நீடித்த சூடு அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தடிப்பாக்குகிறது. சட்டியின் விளிம்பில் பிசின் போல ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தப் பழுப்புப் படலம் அப்படிப் பிணைந்த எண்ணெய்தான். எண்ணெய் கெடக் கெட நுரை அடங்காது, புகை சீக்கிரம் கிளம்பும், தின்றபின் தொண்டை காறும். பெரும்பாலான மாஸ்டர்கள் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். நிறத்தை நம்ப முடியாது, ஏனென்றால் மிளகாய்த்தூள் பிரட்டிய காலிஃபிளவர் புது எண்ணெயையும் ஒரு மணி நேரத்தில் சிவக்க வைத்துவிடும், வாழைக்காய் மட்டும் போட்ட சட்டியோ கெட்டபின்னும் தெளிவாகத் தோன்றும். குறைந்த எண்ணெய்க்கு ஈடாகப் புது எண்ணெயை மேலே ஊற்றிக்கொள்ளும் வழக்கமும் ஏமாற்றக்கூடியது. நிறம் சற்றுத் தெளியும், ஆனால் பழையதில் இருக்கும் சிதைவுப் பொருட்கள் புதியதையும் விரைவில் கெடுத்துவிடும்.

இந்த மலைக்கென்று சில காரணங்கள் கூடுதலாக இருக்கின்றன. சமவெளிக்காக எழுதிய வழிகாட்டலை இங்கே அப்படியே படித்துக் காட்டினால் அவை விடுபட்டுப் போகின்றன. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பஜ்ஜிக்குள் இருக்கும் வாழைக்காயும் உருளைக்கிழங்கும் வேகும் சூடு அதற்குள் இருக்கும் நீரின் கொதிநிலையைத் தாண்டாது, ஆகவே உள்ளே வேக நேரம் பிடிக்கிறது. காத்து நிற்கும் கூட்டத்துக்காக மாஸ்டர் தீயைக் கூட்டுகிறார். மேல்மாவு கருகுகிறது, உள்ளே அரைவேக்காடாக நிற்கிறது, எண்ணெயோ சமவெளியை விடச் சீக்கிரம் உடைகிறது. தீயைக் கூட்டாமல், காயை மெலிதாகச் சீவி மிதமான சூட்டில் போட வேண்டும் என்ற எளிய பாடத்தை நம் மாவட்டத்துப் பயிற்சி முகாம்கள் முதலில் சொல்லித்தர வேண்டும்.

அடுத்தது குளிர். இங்கே சாலையோரக் கடைகளில் காய்வது பெரும்பாலும் பாமாயில். சமவெளியில் கடை கட்டியபின் எண்ணெயை ஆறவைத்து எப்போது வேண்டுமானாலும் வடிகட்டலாம். இங்கே டிசம்பர், ஜனவரியில் சட்டியை அப்படியே மூடிவிட்டுப் போனால், விடியற்காலையில் அது வெண்ணெய்க் கட்டி போல உறைந்து கிடக்கும். முந்தைய நாள் உதிர்ந்த மாவுத்துகளும் கருகிய கசடும் அடியில் சிக்கியிருக்கும். அதை வடிகட்ட முடியாது, உருக்கினால்தான் உண்டு. ஆகவே கசடோடு சேர்த்தே அடுப்பு மூட்டப்படுகிறது, அந்தக் கசடு இரண்டாம் முறை கருகுகிறது. முதல் பஜ்ஜி விழுவதற்கு முன்பே எண்ணெய் பாதி கெட்டுவிடுகிறது. இரவில் எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை இந்த ஊரில் தனி விதியாகவே அறிவிக்கலாம்.

இதைச் சுற்றுலாப் பயணிகளின் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு. அவர்கள் இரண்டு நாள் தங்கி, ஒரு தட்டு பஜ்ஜி தின்றுவிட்டு மலையிறங்கிவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பும் தொழிலாளி, மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்கும் சுமைக்காரர், பள்ளி விட்டு வரும் பிள்ளை ஆகியோர்தான் ஒரே கடையில் நாள் தவறாமல் தின்கிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைக் கொடுத்து விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில் ரத்த அழுத்தம் உயர்வதும் ரத்தக் குழாய்களின் சுவர் பாதிக்கப்படுவதும் பதிவாகியுள்ளன. சட்டிக்கு முன் நிற்பவரின் நிலை இன்னும் மோசம். உயர்ந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருட்களின் பட்டியலில், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010இல் வெளியிட்ட தொகுதியில் சேர்த்திருக்கிறது. குளிருக்காக மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிய கடைக்குள் பத்து மணி நேரம் அந்தப் புகையைச் சுவாசிக்கும் மாஸ்டரைப் பற்றி நாம் யாரும் பேசுவதேயில்லை.

சீசனுக்குச் சீசன் சோதனை நடக்கிறது. கறுத்த எண்ணெயைக் கைப்பற்றிக் கொட்டுகிறார்கள், அபராதம் விதிக்கிறார்கள். வேண்டிய நடவடிக்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அதே கடையில் என்ன மாறுகிறது? என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு அக்காவிடம் எண்ணெயை மாற்றச் சொன்னபோது அவர் கேட்டார்: “கொட்டறதுக்கு ஒரு இடம் சொல்லுங்கண்ணா, இன்னிக்கே கொட்டிடறேன்.” என்னால் இடம் சொல்ல முடியவில்லை. சாக்கடையில் ஊற்றினால் இந்தக் குளிரில் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் ஓடினால் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். குப்பையில் சேர்க்க முடியாது. பெரிய ஊர்களில் வீடு தேடி வந்து எடுக்கும் சேகரிப்பாளர், ஒரு கடையில் கிடைக்கும் இரண்டு லிட்டருக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வர மாட்டார். பழைய எண்ணெய் போவதற்கு இடமே இல்லாத ஊரில், அது போகக்கூடிய ஒரே இடம் மறுபடியும் சட்டிதான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: நீலகிரிக்கென்று மாவட்ட நிர்வாகம் முன்நின்று நடத்தும் பழைய எண்ணெய் சேகரிப்பு, 50 லிட்டர் என்ற கணக்கைப் பாராமல் ஒரு லிட்டர் கொடுப்பவரிடமும் எடை போட்டுப் பணம் கொடுத்து வாங்கும் சேகரிப்பு. இது இந்த மாவட்டத்துக்குப் புதிய வேலையில்லை. டாஸ்மாக் காலி பாட்டிலைப் பத்து ரூபாய் கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டம் 2022 மே மாதம் முதன்முதலில் தொடங்கியது இங்கேதான். காட்டில் யானையின் காலைக் கிழிக்கும் கண்ணாடிக்கு ஒரு விலை வைத்தவுடன் அது தானாகத் திரும்பி வந்தது. பர்லியார், குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடும் நிர்வாகத்தால் இதையும் செய்ய முடியும்.

மலையிறக்குவதற்குத் தனி வண்டிகூட வேண்டியதில்லை. எண்ணெய் டின் ஏற்றி மேலே வரும் லாரிகள் திரும்பும்போது பெரும்பாலும் காலியாகத்தான் இறங்குகின்றன. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் மார்க்கெட்டுகளில் தலா ஒரு சேகரிப்பு மையம் வைத்து, சீல் வைத்த தனி நிறக் கேன்களில் நிரப்பி, அந்த லாரிகளிலேயே வாரம் ஒரு முறை அங்கீகரிக்கப்பட்ட பயோடீசல் சேகரிப்பாளரிடம் சேர்க்கலாம். வாங்கும் இடத்திலேயே அந்த எண்ணெயில் அழியாத சாயம் கலந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்வாசலில் நாம் வாங்குவது பின்வாசல் வழியாக வேறொரு சட்டிக்குப் போய்விடும். விலையைப் பொறுத்தவரை, இப்போது கள்ளத்தனமாக வாங்குபவர் கொடுப்பதைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருந்தால்தான் விடுதி ஊழியர் நம்மிடம் வருவார். அந்தக் கூடுதல் தொகையைப் பெரிய விடுதிகள் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்களுக்கு இது பெரிய தொகையாக இருக்காது.

இதோடு இரண்டு சிறிய ஏற்பாடுகள் போதும். எண்ணெயில் நுனியை நனைத்தால் துருவச் சேர்மங்களின் சதவீதத்தைக் காட்டிவிடும் கையடக்கக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு மார்க்கெட்டிலும் ஒன்று வைத்து, கடைக்காரர் தாமாகவே கொண்டு வந்து இலவசமாகப் பார்த்துக்கொள்ள அனுமதியுங்கள். அந்தச் சோதனையின் பேரில் அபராதம் கிடையாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். மற்றொன்று, சோதனைக்குப் போகும் அலுவலர் சட்டியைப் பார்ப்பதோடு எண்ணெய் வாங்கிய பில்லையும் மாவு வாங்கிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பொருந்தாவிட்டால், உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி முதலில் திருத்த அறிவிப்பு கொடுத்து, சேகரிப்பு மையத்தின் ரசீதைக் காட்டச் சொல்லலாம். என் கடையின் விற்பனைக் கணக்கை அதற்காகத் தரச் சொன்னால் நான் தருகிறேன். என் வாடிக்கையாளர்கள் சிலருக்கு இது கசக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கோடை விழா தொடங்கிவிட்டால் எந்தக் கடைக்காரருக்கும் எதையும் கேட்க நேரமிருக்காது. ஆகவே மார்ச் மாதத்துக்குள் உதகையில் ஒரு மையமாவது திறக்க வேண்டுகிறேன். நகராட்சி இடம் ஒதுக்கும்வரை, என் கிடங்கிலிருந்து விலகித் தனி வாசலோடு இருக்கும் கொட்டகையை வாடகையின்றித் தருகிறேன். எடை மேடையும் ஓர் ஆளும் என் பொறுப்பு. கேன்களும் சாயமும் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மளிகை மொத்த வியாபாரி ஒருவர்,
உதகமண்டலம்.