தனுஷ்கோடிச் சாலையில் பேருந்து மட்டும் போதும்: ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவுப் புயலில் அழிந்து, மக்கள் வாழத் தகுதியற்றதென அரசால் அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியில், விடுமுறை நாள்களில் கால் வைக்க இடமில்லை. சேதுக் கடலில் நீராட யாத்திரிகர் வருவது தலைமுறை தலைமுறையான வழக்கம். அவர்களைக் குறைகூற இம்மடலை எழுதவில்லை. ஒவ்வொருவரும் தம் ஊர்தியிலேயே நிலத்தின் முனைவரை சென்று இறங்கலாம் என்று விட்டுவைத்திருப்பதே சிக்கல்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனைவரை ஒன்பதரை கிலோமீட்டர்ச் சாலை 2017இல் திறக்கப்படும்வரை, மணலிலும் கடல்நீரிலும் ஓடிப் பழகிய வேன்களே பயணிகளை ஏற்றிச் சென்றன. இடுப்பை ஒடித்த பயணம்தான் அது. ஆயினும் எத்தனை பேர் உள்ளே போவது என்பதை அந்த வேன்களின் இருக்கைகளே முடிவு செய்தன. இப்போது, இருபுறமும் கடல் நெருக்கும் குறுகிய நிலத்தில் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசைகட்டி நிற்கையில், அவசரத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் உள்ளே போய்த் திரும்புவது பெரும்பாடு.

ஆகவே, வெளியூர் ஊர்திகளைச் சத்திரத்தருகே நிறுத்தச் செய்து, அங்கிருந்து அரசுப் பேருந்துகளை அடிக்கடி இயக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இக்கட்டுப்பாடு கூடாது. சங்கும் சிப்பியும் விற்போர், மீன் பொரித்துத் தருவோர் ஆகியோரின் பிழைப்பு கெடாதிருக்க, பழைய ஊர்ப்பகுதியில் பேருந்து கட்டாயம் நிற்க வேண்டும்.

பழைய ஊரில் இடிந்து நிற்கும், பவளப்பாறைக் கற்களாலான தேவாலயத்தின் சுவர்களை உப்புக்காற்று ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்க, மேலேறிப் படம் எடுப்போரும் பெயர் கீறுவோரும் மிச்சத்தையும் உதிர்க்கிறார்கள். (காதலைக் கல்வெட்டாக்க இவர்களுக்கு வேறு சுவரே கிடைக்கவில்லை போலும்.) அங்கே வேலியும் காவலும் வேண்டும். எது அஞ்சலகம், எது ரயில் நிலையம் என்று பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்த மீனவ இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தலாம்.

ஆண்கடல் (மன்னார் வளைகுடா), பெண்கடல் (வங்கக் கடல்) என நாம் வழங்கும் இரு கடல்களில் ஒன்று குளம்போல் கிடக்கும் நாளில் மற்றது கொந்தளிக்கும் என்பது வெளியூராருக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகைகளை இந்தியிலும் தெலுங்கிலும் வைத்தாக வேண்டும். நீராடும் பெண்கள் உடைமாற்ற மறைவிடமும், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறைகளும் தேவை.

எதையும் முடிவு செய்யுமுன், மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்து வாழும் அப்பகுதி மீனவக் குடும்பங்களைக் கேட்டாக வேண்டும். அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஆட்சியர் அலுவலகத்தில் வைக்காமல், அவர்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத் தனுஷ்கோடியிலேயே நடத்துமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இராமேசுவரம் தீவுவாசி ஒருவர்